படகுகள்கள்: எக்செல் லிங்குகளை மொத்தமாக மாற்றுவது எப்படி?

வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலைக் கரையில் சின்னப் படகுகளுக்கு ஓய்வு. எங்கள் சங்கத்துக் கந்தோருக்குத்தான் அப்போது ஓய்வில்லை. கடலில் வேலை குறைந்த நாட்களில் எல்லாரும் கடதாசி வேலையை முடிக்க வந்துவிடுவார்கள்: காப்புறுதி, அனுமதிப்பத்திரம், இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டு. எல்லாவற்றையும் ஸ்கான் செய்து வைத்திருக்கிறோம். ஒரு எக்செல் ஷீட்டில் படகுக்கு ஒரு வரி, வரிக்கு நாலு லிங்க். நீல எழுத்தை அழுத்தினால் ஸ்கான் திறக்கும்.

அப்படியொரு காலையில் கிண்ணியாவிலிருந்து வந்த நானா ஒருவர் மேசைக்கு முன்னால் நிற்கிறார். அவருடைய படகு வரியைப் பிடித்து ‘காப்புறுதி’ என்ற நீல எழுத்தை அழுத்தினேன். ‘கெனொட் ஓப்பின் த ஸ்பெசிஃபைட் ஃபைல்’ என்று ஒரு பெட்டி வந்தது. அடுத்த லிங்கும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

“என்ன தம்பி, ஃபைலும் கடலுக்குப் போயிட்டுதா?” என்றார் நானா.

போகவில்லை. முதல் நாள் மாலை நான்தான் ஸ்கான்கள் இருந்த ஃபோல்டரை வேறு டிரைவுக்கு நகர்த்தினேன். கையோடு கையாக, ‘படகு’ என்றிருந்த பெயரை ‘படகுகள்’ என்று திருத்தியும் வைத்தேன். ஆயிரத்து எழுநூறு லிங்கும் செத்துப்போயின. ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து, எடிட் ஹைப்பர்லிங்க் திறந்து, முகவரியைத் திருத்த அரை நிமிடம் என்று வைத்தாலும் 14 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இதற்குத்தான் மேக்ரோ: திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை எக்செலே செய்யும்படி நாம் எழுதிக்கொடுக்கும் கட்டளை வரிகள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக, இதுவரை மேக்ரோவைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். விண்டோஸ் கணினியில் நிறுவிய எக்செல் வேண்டும். போனில் இருக்கும் எக்செலிலும், பிரவுசரில் திறக்கும் எக்செலிலும் இந்த மேக்ரோ ஓடாது.

முதலில், உங்கள் லிங்க் எந்த ரகம்?

எக்செலில் லிங்க் இரண்டு ரகம். ஒன்று, இன்சர்ட் மெனுவிலோ கொன்ட்ரோல்+கே அழுத்தியோ செல்லில் ஒட்டவைத்தது. மற்றது, ஹைப்பர்லிங்க் என்ற ஃபோர்முலாவால் எழுதியது. பார்வைக்கு இரண்டும் ஒரே நீலம்தான். மவுசால் அழுத்தினால் லிங்க் ஓடிவிடும். ஆகவே அம்புக்குறி விசையால் நகர்ந்து அந்தச் செல்லில் போய் நில்லுங்கள். மேலே ஃபோர்முலாப் பட்டையில் சமன் குறியோடு தொடங்கினால் அது ஃபோர்முலா ரகம். உங்களுக்கு மேக்ரோவே தேவையில்லை. கொன்ட்ரோல்+எச் அழுத்தி, ‘லுக் இன்’ என்ற இடத்தில் ஃபோர்முலாஸ் இருக்கிறதா என்று பார்த்து, பழைய பாதையை மேலேயும் புதியதைக் கீழேயும் கொடுத்து ‘ரீப்ளேஸ் ஓல்’ அழுத்துங்கள். வேலை முடிந்தது, தேநீர் குடிக்கப் போகலாம்.

ஒட்டவைத்த ரகத்தில் கொன்ட்ரோல்+எச் பலிக்காது. அது செல்லில் தெரியும் எழுத்தைத்தான் மாற்றும், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முகவரியைத் தொடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். ‘மாற்றிவிட்டேன்’ என்று எக்செல் சொல்லும், செல்லிலும் புதிய எழுத்து தெரியும், அழுத்தினால் பழைய கதைதான்.

நான் பட்ட பாடு

அன்று நான் முதலில் செய்தது, எங்கும் கிடைக்கும் ஒரு சின்ன மேக்ரோவை எடுத்து ஒட்டியது. ஒவ்வொரு லிங்காக எடு, அதன் முகவரியில் பழைய சொல்லுக்குப் பதில் புதிய சொல்லைப் போடு. அவ்வளவுதான் அது. அதில் பழைய சொல் இருக்கவேண்டிய இடத்தில் ‘படகு’ என்று தட்டினேன். திரையில் வந்தது கேள்விக்குறிகள்.

மேக்ரோ எழுதும் ஜன்னலுக்குத் தமிழ் தெரியாது. எக்செல் ஷீட் யூனிகோட் எழுத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் மேக்ரோ எடிட்டர் விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணைகளை நம்பியிருக்கிறது, அவற்றில் தமிழுக்கென்று ஓர் அட்டவணை கிடையவே கிடையாது. மேக்ரோ காட்டும் செய்திப் பெட்டியும் அப்படித்தான், தமிழைக் கேள்விக்குறியாகவே காட்டும். ஃபோல்டர் பெயரெல்லாம் ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. நமக்கு வரும். எங்கள் ஃபோல்டர்களுக்குள் குச்சவெளி, நிலாவெளி, மூதூர், புல்மோட்டை என்று ஊர்ப்பெயரிலேயே ஃபோல்டர்கள்.

சரி, சொற்களை மேக்ரோவுக்குள் எழுதாமல் ஷீட்டில் இரண்டு செல்லில் எழுதி, மேக்ரோவை அங்கிருந்து வாசிக்கச் சொன்னேன். அது ஓடியது. ஓடி முடிந்ததா இல்லையா என்று தெரியாமல், பொறுமையில்லாமல், மேக்ரோவை ஓட்டும் எஃப்5 விசையை இன்னொரு தடவை அழுத்தினேன்.

அங்கேதான் பிழை நேர்ந்தது. முதல் ஓட்டத்தில் ‘படகு’ எல்லாம் ‘படகுகள்’ ஆனது. இரண்டாவது ஓட்டத்தில் அந்தப் ‘படகுகள்’ உள்ளே இருந்த ‘படகு’ மறுபடி மாறி, ‘படகுகள்கள்’ ஆனது. போதாக்குறைக்கு, ‘படகுத்துறை’ என்று வேறொரு ஃபோல்டர் இருந்தது. அது ‘படகுகள்கள்த்துறை’ ஆகிவிட்டது. கொன்ட்ரோல்+இசட் அழுத்தினேன். மேக்ரோ செய்ததை அன்டூ செய்ய முடியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். முதல் நாள் பிரதி ஒன்று பென்டிரைவில் கிடந்ததால் தப்பினேன்.

கீழே வருவது அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை. இதில் மேக்ரோ எதையும் தேடுவதில்லை, எதை மாற்றுவது என்று தீர்மானிப்பதுமில்லை. ஒரு மேக்ரோ எல்லா முகவரியையும் ஒரு ஷீட்டில் இறக்கி வைக்கும். புதிய முகவரி என்ன என்பதைச் சாதாரண எக்செல் ஃபோர்முலா கண்முன்னே எழுதிக் காட்டும். நீங்கள் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு, இரண்டாவது மேக்ரோ அதை அப்படியே திருப்பி ஏற்றும். பத்துத் தடவை ஓட்டினாலும் விளைவு ஒன்றுதான், படகுகள்கள் வராது.

தயார்ப்படுத்தல்

ஃபைலை ஒரு பிரதி எடுத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். பிரதியை மூல ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரிலேயே வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ‘சேவ் அஸ்’ கொடுத்து, வகையில் ‘எக்செல் மேக்ரோ எனேபிள்ட் வர்க்புக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் பெயரின் கடைசி எழுத்து எக்ஸ் போய் எம் ஆகும். வழக்கமான வகையில் சேமித்தால் நீங்கள் எழுதும் மேக்ரோ ஃபைலோடு தங்காது.

அப்புறம் ஒரு புதிய ஷீட் சேருங்கள். அதற்கு ‘லிஸ்ட்’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். தமிழில் வைத்தால் மேக்ரோவுக்குள் அந்தப் பெயரை எழுத முடியாது, காரணம் மேலே சொன்னதுதான். லிங்குகள் இருக்கும் உங்கள் ஷீட்டின் பெயர் தமிழில் இருந்தால் பாதகமில்லை, அதைப் பெயர் சொல்லி அழைக்கப்போவதில்லை.

இனி அல்ட்+எஃப்11. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். புதிய ஜன்னல் திறக்கும். அதில் இன்சர்ட் மெனுவுக்குப் போய் மொடியூல் என்பதை அழுத்தினால் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். அங்கேதான் எழுதப்போகிறோம்.

சொல்வதெழுதல்

மேக்ரோவைத் தட்டுவது ஆங்கில எழுத்தில். இங்கே நான் அதன் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் வாசிக்க நாம் எழுதிய சொல்வதெழுதல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி, அடைப்புக்குறி, மேற்கோள் குறி, எண் எல்லாம் இருக்கிறபடியே.

எழுத்துப்பிழைக்குப் பயப்படத் தேவையில்லை, எடிட்டரே திருத்தும் ரீச்சர்தான். எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே தட்டுங்கள். வரி முடிந்து என்டர் அழுத்தியதும், சரியாக எழுதிய சொற்களின் முதலெழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும். ஃபோர், இஃப், நெக்ஸ்ட் போன்றவற்றை நீலமாக்கும். ஒரு சொல் மட்டும் சின்ன எழுத்திலேயே முழித்துக்கொண்டு நின்றால், எழுத்தைக் கவனியுங்கள். எச், எஸ், ஆர் என்று வருபவை நாம் வைக்கும் ஓரெழுத்துப் பெயர்கள், அவை சின்னதாகவே இருக்கும்.

முதல் மேக்ரோவுக்கு ‘பார்’ என்று பெயர் வைத்தேன். ஆங்கில எழுத்தில் நீங்கள் விரும்பியபடி எழுதுங்கள்.

சப் பார்()
டிம் எச் அஸ் ஹைப்பர்லிங்க்
டிம் எஸ் அஸ் வர்க்ஷீட்
டிம் ஆர் அஸ் லோங்
செட் எஸ் = வர்க்ஷீட்ஸ்("லிஸ்ட்")
ஆர் = 5
ஃபோர் ஈச் எச் இன் அக்டிவ்ஷீட்.ஹைப்பர்லிங்க்ஸ்
இஃப் எச்.டைப் = 0 தென்
எஸ்.செல்ஸ்(ஆர், 1).வேல்யூ = எச்.ரேஞ்ச்.அட்ரஸ்
எஸ்.செல்ஸ்(ஆர், 2).வேல்யூ = எச்.அட்ரஸ்
ஆர் = ஆர் + 1
எண்ட் இஃப்
நெக்ஸ்ட் எச்
எண்ட் சப்

முதல் வரியைத் தட்டி என்டர் அழுத்தினாலே கடைசி வரி தானாக வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மற்றதை எழுதுங்கள்.

வரிகள் என்ன சொல்கின்றன? டிம் என்று தொடங்கும் மூன்றும் அறிமுகம்: எச் ஒரு லிங்க், எஸ் ஒரு ஷீட், ஆர் ஓர் எண். லோங் என்பது பெரிய எண்ணுக்கான இடம். ஒரு ஷீட்டில் 65,530 லிங்க் வரை எக்செல் தாங்கும். இன்டிஜர் என்று எழுதினால் 32,767 உடன் நின்றுவிடும். பிறகு, நாம் நிற்கும் ஷீட்டிலுள்ள ஒவ்வொரு லிங்கையும் எடுத்து, அது எந்தச் செல்லில் இருக்கிறது என்பதை லிஸ்ட் ஷீட்டின் ஏ நிரலிலும், முகவரியை பி நிரலிலும் எழுதச் சொல்கிறோம். ஐந்தாம் வரியிலிருந்து தொடங்குவது, மேலே நாலு வரி நமக்கு வேண்டும் என்பதால். ‘டைப் = 0’ என்ற சோதனை, படங்களிலும் பொத்தான்களிலும் ஒட்டிய லிங்குகளைத் தவிர்க்க. அவற்றுக்குச் செல் முகவரி கிடையாது. அந்தச் சோதனை இல்லாவிட்டால் சங்கத்துச் சின்னத்தில் இருக்கும் ஒரே ஒரு லிங்கில் தடக்கி மேக்ரோ நின்றுபோகும்.

இப்போது எக்செலுக்குத் திரும்பி, லிங்குகள் இருக்கும் ஷீட்டில் நில்லுங்கள். லிஸ்ட் ஷீட்டில் அல்ல. அல்ட்+எஃப்8 அழுத்தினால் மேக்ரோக்களின் பெயர்கள் வரும். ‘பார்’ என்பதைத் தேர்ந்து ரன் கொடுங்கள். ‘சப்ஸ்கிரிப்ட் அவுட் ஒஃப் ரேஞ்ச்’ என்று, எண் 9 போட்டு ஒரு பிழை வந்தால், லிஸ்ட் என்ற பெயரை ஷீட்டிலோ மேக்ரோவிலோ பிழையாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே பிழைதான்.

பட்டியலை வாசியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பி நிரலை மேலிருந்து கீழே ஓடிப் பாருங்கள். நான் பார்த்தபோது ஒரே ஃபோல்டருக்கான முகவரிகள் மூன்று தினுசாக இருந்தன.

சில, டிரைவ் எழுத்தோடு தொடங்கும் முழுப்பாதை. பெரும்பாலானவை டிரைவ் எழுத்தே இல்லாமல் ஃபோல்டர் பெயரிலிருந்து தொடங்கின. எக்செல் ஃபைலும் ஸ்கானும் ஒரே டிரைவில் இருந்தால், ‘நான் இருக்கும் இடத்திலிருந்து இப்படிப் போ’ என்று வழி சொல்லும் அரைப்பாதையாகத்தான் எக்செல் அதைச் சேமிக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு மொத்தமாக நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. எக்செல் ஃபைலை மட்டும் பென்டிரைவில் போட்டு மூதூருக்குக் கொண்டுபோனால் எல்லா லிங்கும் முறியும். பிரதியை அதே ஃபோல்டரில் வைக்கச் சொன்னதும் இதற்குத்தான்.

மூன்றாவது தினுசு, பாதை நடுவில் ‘அப்டேட்டா’, ‘ரோமிங்’, ‘மைக்ரோசொப்ட்’, ‘எக்செல்’ என்று வரிசையாக வருவது. நீங்கள் ஒருபோதும் அங்கே ஸ்கானை வைத்திருக்கமாட்டீர்கள். கரண்ட் போய் வந்த பிறகு, எக்செல் மீட்டெடுத்துத் தரும் பிரதியைத் திறந்து அப்படியே சேமித்தால் இந்த வில்லங்கம் வரும். அந்தப் பிரதி இருப்பது அந்த ஃபோல்டரில். அரைப்பாதைகளும் அங்கிருந்து கணக்கெடுக்கப்பட்டுவிடும்.

பி நிரல் சில வரிகளில் வெறுமையாக இருந்தால், அவை அதே ஃபைலுக்குள் வேறு ஷீட்டுக்குத் தாவும் லிங்குகள். விட்டுவிடுங்கள்.

புதிய முகவரி

லிஸ்ட் ஷீட்டில் பி1 செல்லில் பழைய துண்டு, பி2 செல்லில் புதிய துண்டு. சி5 செல்லில் இந்த ஃபோர்முலா:

=சப்ஸ்டிடியூட்(பி5, $பி$1, $பி$2)

இதையும் ஆங்கில எழுத்தில் தட்டி, பட்டியல் முடியும்வரை கீழே இழுத்து விடுங்கள். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் பக்கத்தில் புதியது தெரியும்.

பி1-ல் என்ன எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். வெறும் ‘படகு’ என்று எழுதினால் படகுத்துறையும் சேர்ந்து மாட்டும். முன்னும் பின்னும் சாய்கோட்டோடு \படகு\ என்று எழுதுங்கள், பி2-ல் \படகுகள்\ என்று. எனக்கு நடந்ததுபோல டிரைவும் மாறியிருந்தால், முழுப்பாதைகளுக்கு இரண்டிலும் டிரைவ் எழுத்திலிருந்தே தொடங்குங்கள். அரைப்பாதையாக இருந்து, முகவரியே படகு என்றுதான் தொடங்குகிறது என்றால் அதற்கு முன்னால் சாய்கோடு இருக்காது. பின்னால் வரும் சாய்கோட்டை மட்டும் வைத்து படகு\ என்று கொடுங்கள். சில முகவரிகளில் சாய்கோடு மறுபக்கம் சாய்ந்திருக்கும். அதைச் செல்லில் முதல் எழுத்தாகத் தட்டினால் எக்செல் மெனுவுக்குத் தாவிவிடும், எஃப்2 அழுத்திவிட்டுத் தட்டுங்கள். இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் 20 என்ற எண்ணும் இருந்தால், அதையும் அப்படியே கொடுக்கவேண்டும். இந்த ஃபோர்முலா ஆங்கிலத்தில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுவேறாகவே பார்க்கும்.

தமிழில் இன்னொரு பொறி. கொட்பே என்று ஒரு ஃபோல்டர். பி1-ல் நானே ‘கொட்பே’ என்று தட்டினேன். சி நிரலில் ஒன்றும் மாறவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் ஒரே மாதிரிதான். பிறகுதான் பிடிபட்டது: ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு வழியில் எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். இல்லையேல் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகப் போடலாம். கண்ணுக்கு ஒன்று, எக்செலுக்கு வேறு. கோ, கௌ, மோ எல்லாவற்றுக்கும் இதே கதை, ஆகவே புல்மோட்டையும் மாட்டும். எனவே பழைய துண்டை நீங்களாகத் தட்டாதீர்கள். பி நிரலில் இருக்கும் முகவரியிலிருந்தே வெட்டி எடுத்து ஒட்டுங்கள். புதிய துண்டையும் விண்டோஸில் அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே தெரியும் முகவரிப் பட்டையிலிருந்து கொப்பி எடுங்கள்.

இரண்டு மூன்று தினுசு முகவரிகள் இருந்தால் ஒரே ஃபோர்முலாவைக் கட்டி அழவேண்டாம். பி நிரலை வடிகட்டி, ஒவ்வொரு தினுசுக்கும் சி நிரலில் வேறு ஃபோர்முலா போடலாம். அரைப்பாதைகளுக்கு நான் =$பி$3&பி5 என்று எழுதி, பி3-ல் முன்னால் சேரவேண்டிய பாதையைக் கொடுத்தேன். ஏதாவது ஒரு வரி முரண்டு பிடித்தால் அந்தச் சி செல்லில் நேரே முகவரியைத் தட்டிவிடலாம். மேக்ரோவுக்குள் முடிவை ஒளித்து வைக்காததன் சுகம் இதுதான்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை

புதிய முகவரியில் உண்மையில் ஃபைல் இருக்கிறதா? அதையும் மேக்ரோவிடமே கேட்கலாம். முதல் மேக்ரோவுக்குக் கீழே:

சப் சோதி()
டிம் எஸ் அஸ் வர்க்ஷீட்
டிம் ஆர் அஸ் லோங்
டிம் எஃப் அஸ் ஒப்ஜெக்ட்
செட் எஸ் = வர்க்ஷீட்ஸ்("லிஸ்ட்")
செட் எஃப் = கிரியேட்ஒப்ஜெக்ட்("ஸ்கிரிப்டிங்.ஃபைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்")
ஆர் = 5
டூ வைல் எஸ்.செல்ஸ்(ஆர், 1).வேல்யூ <> ""
எஸ்.செல்ஸ்(ஆர், 4).வேல்யூ = எஃப்.ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்(எஸ்.செல்ஸ்(ஆர், 3).வேல்யூ)
ஆர் = ஆர் + 1
லூப்
எண்ட் சப்

மேற்கோளுக்குள் இருக்கும் ‘ஸ்கிரிப்டிங்’ வரியை எடிட்டர் திருத்தாது, ‘ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற சொல்லும் சின்ன எழுத்திலேயே நிற்கலாம். இவை இரண்டையும் எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஓட்டினால் டி நிரலில் ட்ரூ அல்லது ஃபோல்ஸ் என்று வரும். முழுப்பாதைகளுக்குத்தான் இது நம்பத்தக்கது. அரைப்பாதைகளுக்கும், இணையதளம், மின்னஞ்சல் லிங்குகளுக்கும் ஃபோல்ஸ் என்றே காட்டும். இதே வேலைக்கு ‘டிர்’ என்ற குறுக்குவழியைப் பலரும் சொல்வார்கள். தமிழ்ப் பெயருள்ள ஃபைலை அது கண்டுபிடிக்காது, ஆகவே நமக்கு வேண்டாம்.

எனக்குப் பதினொரு ஃபோல்ஸ் வந்தன. ஏழு, ஸ்கான் செய்யாமலே லிங்க் போட்டு வைத்தவை. மூன்று, பெயரில் எழுத்துப்பிழை. மிஞ்சிய ஒன்றின் ஃபைல் பெயரில் படகு இலக்கத்துக்கு முன்னால் யாரோ ஹாஷ் குறி (#) போட்டிருந்தார்கள். ஹாஷைக் கண்டால் எக்செல் முகவரி அதோடு முடிந்ததென்று எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைலின் பெயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஏற்றுதல்

சப் மாற்று()
டிம் எஸ் அஸ் வர்க்ஷீட்
டிம் ஆர் அஸ் லோங்
செட் எஸ் = வர்க்ஷீட்ஸ்("லிஸ்ட்")
ஆர் = 5
டூ வைல் எஸ்.செல்ஸ்(ஆர், 1).வேல்யூ <> ""
இஃப் எஸ்.செல்ஸ்(ஆர், 3).வேல்யூ <> "" தென்
அக்டிவ்ஷீட்.ரேஞ்ச்(எஸ்.செல்ஸ்(ஆர், 1).வேல்யூ).ஹைப்பர்லிங்க்ஸ்(1).அட்ரஸ் = எஸ்.செல்ஸ்(ஆர், 3).வேல்யூ
எண்ட் இஃப்
ஆர் = ஆர் + 1
லூப்
எண்ட் சப்

நடுவில் இருக்கும் நீண்ட வரி ஒரே வரி. உடைத்து எழுதாதீர்கள்.

பட்டியல் எடுத்த பிறகு லிங்க் ஷீட்டை வரிசைப்படுத்துவதோ வரி சேர்ப்பதோ கூடாது. பட்டியலில் இருப்பது செல் முகவரி. ஆள் இடம் மாறியிருந்தால் நிலாவெளிப் படகின் காப்புறுதி குச்சவெளிக்காரருக்குப் போய்ச் சேரும். பிழையென்று எக்செலும் சொல்லாது. தெரியாமல் கை பட்டுவிட்டால் பழைய பட்டியலை அழித்து ‘பார்’ மேக்ரோவை மறுபடி ஓட்டுங்கள். ஷீட்டுக்குக் கடவுச்சொல் பூட்டு இருந்தால் முதலில் திறந்துவிடுங்கள்.

லிங்க் ஷீட்டில் நின்றுகொண்டு அல்ட்+எஃப்11 அழுத்தி, மாற்று மேக்ரோவின் முதல் வரியில் கேர்சரை வைத்து எஃப்8 அழுத்துங்கள். ஒரு அழுத்தலுக்கு ஒரு வரி ஓடும்; அடுத்து ஓடவிருக்கும் வரி மஞ்சளாகத் தெரியும். லூப் என்ற வரியை ஒரு தடவை தாண்டியதும் முதல் லிங்க் மாறியிருக்கும். எடிட்டரின் மேற்பட்டையிலுள்ள சதுரப் பொத்தானால் மேக்ரோவை நிறுத்தி, எக்செலுக்கு வந்து அந்த லிங்கை அழுத்திப் பாருங்கள். ஸ்கான் திறந்தால், மேக்ரோவை எஃப்5 கொடுத்து முழுதாக ஓட விடுங்கள். இரண்டு தடவை அழுத்தினாலும் இனிப் பயமில்லை.

மனம் மாறினால்? பி நிரலில் பழைய முகவரிகள் பத்திரமாக இருக்கின்றன. சி5-ல் =பி5 என்று போட்டு இழுத்து, பி வெறுமையாக இருக்கும் வரிகளில் சி-யையும் அழித்துவிட்டு, மாற்று மேக்ரோவை மறுபடி ஓட்டினால் எல்லாம் பழையபடி. எக்செல் தராத அன்டூ இது.

சேமிக்கும்போது

முழுப்பாதைகளாக மாற்றியவற்றை, சேமிக்கும்போது எக்செல் மறுபடி அரைப்பாதையாக்கிவிடக்கூடும். அது வேண்டாமென்றால் ஃபைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய், ஜெனரல் பகுதியில் வெப் ஒப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, ஃபைல்ஸ் என்ற தாவலில் ‘அப்டேட் லிங்க்ஸ் ஒன் சேவ்’ என்பதன் சரிக்குறியை எடுத்துவிடுங்கள்.

இந்த ஃபைலை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இன்னொரு கந்தோருக்கு அனுப்பினால், அங்கே மேக்ரோ ஓடாமல் சிவப்புப் பட்டை ஒன்று வரலாம். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களின் மேக்ரோவை மைக்ரோசொப்ட் 2022-இலிருந்து தடுத்து வைக்கிறது. அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவர், எதற்கு அனுப்பினார் என்றும் தெரியும் என்றால் மட்டும், ஃபைலை வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ் திறந்து, கீழே அன்புளொக் என்பதில் சரி போடுங்கள். வெறும் மஞ்சள் பட்டை என்றால் எனேபிள் கொன்டென்ட் போதும்.

வேலை முடிந்ததும் நான் ஃபைலை வழக்கமான எக்செல் வகையில் மறுபடி சேமித்துவிட்டேன். மேக்ரோ போய்விடும், மாறிய லிங்குகள் அப்படியே இருக்கும். மேக்ரோக்கள் உள்ள பிரதி தனியாகப் பென்டிரைவில். லிஸ்ட் ஷீட்டை அழிக்கவில்லை, மறைத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாடைக்குள் யாராவது ஃபோல்டருக்கு மறுபடி பெயர் மாற்றுவார்கள். அநேகமாக அது நானாகத்தான் இருக்கும்.